பரு விட்டுப்போன கறைக்கு நலங்கு மாவு: சரக்கு வாங்குவதிலிருந்து முகம் கழுவுவது வரை

என் தங்கை மகளுக்குக் கன்னத்தில் பரு வந்து வந்து போனதில், போன இடமெல்லாம் பழுப்பாகக் கறை. 30 மில்லி பாட்டிலில் வரும் சீரம் இரண்டு வாங்கித் தீர்த்தாள். மூன்றாவதற்குப் பணம் கேட்டபோது என் அம்மா குறுக்கே வந்து, "அந்தக் காசுல பாதியக் குடு, ஆறு மாசத்துக்கு நலங்கு மாவு அரச்சுத் தரேன்" என்றார். சொன்னதோடு நிற்காமல் பழைய டைரியைப் புரட்டி ஒரு பட்டியலும் எழுதிக் கொடுத்தார். பதினெட்டுச் சரக்கு!

பட்டியலோடு கடைக்கு அலைந்தது நான்தான். மஞ்சள் வாங்குவதில் ஏமாந்தேன், அரைப்பதில் சொதப்பினேன், பதினெட்டில் ஒன்று கறையைக் கூட்டிவிடக் கூடியது என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கடைசியில் பதினெட்டை ஆறாகக் குறைத்தோம். அந்த ஆறு சரக்கு மாவைச் செய்யும் முறைதான் இது.

முதலில் கண்ணாடி, அப்புறம் கடை

முகத்தில் இருக்கும் எல்லாக் கறையும் ஒன்றல்ல. ஜன்னலோரம் பகல் வெளிச்சத்தில் நின்று கண்ணாடியில் பாருங்கள். விரலால் தடவியும் பாருங்கள்.

பரு ஆறிய இடத்தில், தடவினால் மேடுபள்ளம் தெரியாமல், நிறம் மட்டும் பழுப்பாகவோ கருமையாகவோ இருந்தால் அது பருக்கறை. தோல் புண்பட்டபோது அந்த இடத்தில் நிறமி கூடுதலாகச் சுரந்து தங்கிவிட்ட தடம். மாநிறத் தோலிலும் கருத்த தோலிலும் இது அதிகம். இந்த வழிகாட்டி முக்கியமாக இந்தக் கறைக்குத்தான்.

விரலுக்குக் குழி தட்டுப்பட்டால் அது தழும்பு. எந்த மாவும் குழியை நிரப்பாது. மூக்கின் மேல் கறுப்புக் கறுப்பாகக் குத்தினாற்போல இருப்பது துளையில் அடைத்த எண்ணெய். காற்றுப்பட்டு நிறம் மாறியிருக்கிறதே தவிர அது அழுக்கில்லை, தேய்த்தால் போகாது.

இரண்டு கன்னத்திலும், சிலருக்கு நெற்றியிலும் மேலுதட்டிலும், வரைபடம் போலப் படர்ந்திருந்தால் அது மங்கு. கர்ப்ப காலத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் பலருக்கு வரும். வெயில் பட்டால் கூடும். இதற்கு மாவு கெடுதல் செய்யாது, ஆனால் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

வெளிறிய அல்லது பழுப்பான திட்டு, லேசாகச் சுரண்டினால் பொடிபோல் செதில் உதிர்கிறது என்றால் தேமலாக இருக்கலாம். அது தோலில் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் வேலை. தேமலுக்கு மாதக்கணக்கில் கடலைமாவு பூசி ஏமாந்தவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருப்பார்கள். பூஞ்சைக்கு வேண்டியது பூஞ்சை மருந்து, அதுவும் மருந்துக் கடையில் மலிவாகவே கிடைக்கிறது. வட்டமாக, ஓரம் தடித்து, அரிக்கிற படர்தாமரைக்குப் பழைய வைத்தியத்தில் வேறு மருந்தே இருக்கிறது. சீமை அகத்தி இலை அதற்குப் பேர்போனது, வண்டுகொல்லி என்றே இன்னொரு பெயர். அதையும் இதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

சரி, உங்களுடையது பருக்கறைதான் என்று தெரிந்துவிட்டதா? ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கறையை மாவு எடுப்பதில்லை, தோல்தான் எடுக்கிறது. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்கிறது. நிறமி அந்தச் சுற்றோடு மெல்ல மெல்லக் கழிகிறது. கறை மறைய மூன்று மாதம் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம். நடுவில் நாம் தேய்த்து, கிள்ளி, எலுமிச்சம்பழம் பிழிந்து தோலை மறுபடி புண்ணாக்கினால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நலங்கு மாவின் பெருமை அது தோலைத் தொந்தரவு செய்யாமல் சுத்தப்படுத்துவதில் இருக்கிறது. வெளுக்க வைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பதினெட்டில் எதை விடுவது

நலங்கு மாவு என்று ஒரே ஒரு சூத்திரம் கிடையாது. கல்யாண நலங்குக்கு ஒன்று, குழந்தையைக் குளிப்பாட்ட ஒன்று, வாசனைக்கு ஒன்று என்று வீட்டுக்கு வீடு மாறும். அம்மாவின் பட்டியலில் வெட்டிவேர், விலாமிச்சை வேர், மகிழம்பூ, கோரைக்கிழங்கு, வசம்பு, ஆரஞ்சுத் தோல், கார்போக அரிசி எல்லாம் இருந்தன. உடம்புக்குத் தேய்த்துக் குளிக்க அருமையான கலவை. முகத்துக்கு இத்தனை வேண்டாம். பதினெட்டும் சேர்ந்த மாவு முகத்தில் அரித்தால் குற்றவாளி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

வசம்பும் ஆரஞ்சுத் தோலும் மென்மையான தோலில் எரிச்சல் தரும், அவை போகட்டும். வேர்கள் வாசனைக்கு மட்டுமே, அவையும் போகட்டும்.

கார்போக அரிசியைப் பற்றி மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பெயரில்தான் அரிசி, உண்மையில் அது ஒரு செடியின் கறுப்பான, சிறுநீரக வடிவிலான விதை. வடமொழியில் பாகுச்சி. வெண்புள்ளிக்குக் காலங்காலமாகக் கொடுக்கப்படும் மருந்து இது. காரணம், இதிலிருக்கும் சோரலின் என்ற பொருள் தோலில் பட்டு, மேலே வெயிலும் பட்டால் அந்த இடத்தில் நிறமி கூடும். நிறம் இழந்த தோலுக்கு அது வரம். ஏற்கெனவே நிறமி கூடிப்போய்க் கறையாக நிற்கும் கன்னத்துக்கு? காலையில் பூசிக் கழுவிவிட்டு வெயிலில் பேருந்துக்கு நிற்கிற பெண்ணுக்கு இதைவிட மோசமான சரக்கு இல்லை, சிலருக்குக் கொப்பளமே வரும். இதில் வேடிக்கை என்னவென்றால், இப்போது அழகுப் பொருள் கடைகளில் விலை உயர்ந்து விற்கும் பகூச்சியால் சீரம் இதே விதையிலிருந்து பிரித்தெடுக்கப்படுவதுதான். அதில் சோரலினை நீக்கிவிடுகிறார்கள். நம் மிக்ஸிக்கு அந்த வித்தை தெரியாது. அதனால் கார்போக அரிசியை முகமாவிலிருந்து எடுத்துவிட்டேன். அம்மாவுக்கு இன்னும் அதில் வருத்தம்.

எஞ்சிய பட்டியல் இது:

பாசிப்பருப்பு – 250 கிராம்
ஆவாரம்பூ – 50 கிராம்
அதிமதுரம் – 50 கிராம்
பன்னீர் ரோஜா இதழ் – 50 கிராம்
கஸ்தூரி மஞ்சள் – 25 கிராம்
பூலாங்கிழங்கு – 25 கிராம்

எல்லோரும் தோலோடு இருக்கும் பச்சைப்பயறு போடுவார்கள். அதன் தோல் எவ்வளவு அரைத்தாலும் நறநறக்கும், முகத்தைக் கீறும். எனவே தோல் நீக்கிய பருப்பு. ஆவாரம்பூ நம்மூர்ச் சாலையோரங்களிலேயே பூத்துக் கிடக்கும். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பார்கள், அவ்வளவு தூரம் போக வேண்டாம், முகத்துக்கு நல்லது என்பது போதும். சாலையோரப் பூவில் வண்டிப் புகை படிந்திருக்கும் என்பதால் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பறியுங்கள். அதிமதுரத்தில் கிளாப்ரிடின் என்ற பொருள் இருக்கிறது. நிறமி உருவாக உதவும் நொதியைத் தடுக்கிறது என்று ஆய்வகங்களில் பார்த்திருக்கிறார்கள். வீட்டு மாவில் அது எவ்வளவு தோலுக்குள் இறங்கும் என்பது வேறு கதை. ரோஜாவும் பூலாங்கிழங்கும் பெரும்பாலும் மணத்துக்கு. மணம் இல்லாவிட்டால் கல்லூரிப் பெண் தொட மாட்டாள்.

கஸ்தூரி மஞ்சள் வாங்குவது

நான் ஏமாந்தது இங்கேதான். பாக்கெட்டில் "கஸ்தூரி மஞ்சள் தூள்" என்று எழுதி, பளிச்சென்ற ஆரஞ்சு மஞ்சளில் ஒரு பொடி கொடுத்தார்கள். பூசிக் கழுவியதும் பெண்ணின் முகம் இரண்டு நாள் கோயில் திருவிழா போல மஞ்சளாக இருந்தது. கல்லூரிக்குப் போக மாட்டேன் என்றாள்.

உண்மையான கஸ்தூரி மஞ்சள் சமையல் மஞ்சளிலிருந்து வேறான செடி. கிழங்கை உடைத்தால் உள்ளே வெளிர் கிரீம் நிறமாக இருக்கும், அடர் மஞ்சளாக இருக்காது. முகர்ந்தால் கற்பூரம் கலந்தாற்போல மணக்கும். நனைந்த உள்ளங்கையில் தேய்த்தால் பெரிதாக நிறம் ஒட்டாது. கேரளத்தில் மஞ்ஞக்கூவா என்று சொல்லும் நல்ல மஞ்சள் நிறக் கிழங்கு ஒன்று இருக்கிறது. அதுதான் பல இடங்களில் கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் விலைபோகிறது. சாதாரண மஞ்சளையே பெயர் மாற்றி விற்பதும் உண்டு. ஆக, நிறத்தைப் பார்த்து மயங்காதீர்கள். பளபளவென்று மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

பொடியாக வாங்காதீர்கள், கிழங்காக வாங்குங்கள். கடைக்காரரிடம் "காஞ்ச கிழங்கா குடுங்க, உடைச்சுப் பாத்து வாங்கிக்கறேன்" என்று கேட்டால் நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார். மஞ்சள் பொடியில் நிறத்துக்காக எதையாவது கலப்பது புதிதல்ல. வங்கதேசத்தில் மஞ்சளில் ஈயக் குரோமேட் என்ற நச்சுச் சாயம் கலந்ததை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்ட பிறகு அது பெரிய விவகாரமானது. பொடி மட்டும்தான் கிடைக்கிறது என்றால் ஒரு தம்ளர் தண்ணீரில் அரைத் தேக்கரண்டி தூவிப் பாருங்கள். நல்ல பொடி வெளிர் மஞ்சளாக நீரில் கலங்கி அடியில் படியும். சாயம் சேர்த்தது அடர் மஞ்சளாக நீர் முழுவதும் பரவும்.

எங்கே கிடைக்கும்? எந்த ஊரிலும் பழைய கடைத்தெருவில் ஒரு நாட்டு மருந்துக் கடையாவது இருக்கும். சென்னையில் கந்தகோட்டம் கோயிலை ஒட்டிய ராசப்பா செட்டி தெரு இதற்கென்றே பெயர் பெற்றது. மதுரைக்காரர்கள் கீழமாசி வீதிப் பக்கம் போனால் போதும். நான் வாங்கியபோது ஆறு சரக்கும் சேர்த்து 300 ரூபாயைத் தாண்டவில்லை. கிடைக்காவிட்டால் மஞ்சளே போடாமல் அரையுங்கள். போலி மஞ்சளைவிட மஞ்சள் இல்லாத மாவு மேல்.

காயவைத்து, அரைத்து, சலிப்பது

பூவையும் இதழையும் நிழலில் காயவையுங்கள், கையில் எடுத்தால் நொறுங்க வேண்டும். பருப்பையும் கிழங்குகளையும் ஒரு நாள் வெயிலில் போடலாம். வறுக்க வேண்டாம். கிழங்குகளை அம்மியிலோ சிறிய உரலிலோ தட்டி உடைத்துக்கொள்ளாவிட்டால் மிக்ஸி பிளேடு போய்விடும்.

இந்த அளவுக்கு வீட்டு மிக்ஸியே போதும். நான் சோம்பல்பட்டு மில்லில் கொடுத்தேன். எனக்கு முன்னால் யாரோ மிளகாய் அரைத்திருக்கிறார்கள். அரைக்கும்போதே தும்மல் வந்தது, அப்போதாவது புரிந்திருக்க வேண்டும். அந்த மாவு முழுவதும் பாத்திரம் கழுவத்தான் பயன்பட்டது. மில்லில்தான் அரைக்க வேண்டும் என்றால் யாராவது சீயக்காய் அரைத்து முடிக்கும்வரை காத்திருந்து, அதற்கு அடுத்ததாகக் கொடுங்கள். முதலில் விழும் ஒரு கைப்பிடி மாவைத் தனியே எடுத்துவிடுங்கள்.

அரைத்த பிறகு சல்லடையோடு நிறுத்தாதீர்கள். ஒரு வாயகன்ற பாத்திரத்தின் மேல் பழைய மல் துணியை இழுத்துக் கட்டி, மாவை அதன்மேல் போட்டு விரலால் மெல்லத் தேய்த்து இறக்குங்கள். சித்த மருந்து செய்பவர்கள் இதை வஸ்திரகாயம் என்பார்கள். அரை மணி நேர வேலை, கை வலிக்கும். ஆனால் முகத்துக்கான மாவுக்கும் உடம்புக்கான மாவுக்கும் உள்ள வித்தியாசமே இந்தத் துணிதான். துணியில் தங்கும் திப்பியை முதுகுக்கும் காலுக்கும் வைத்துக்கொள்ளலாம்.

ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடுங்கள். ஈரக்கை, ஈரக்கரண்டி கூடாது. குளியலறையில் வைக்காதீர்கள், ஆவியில் கட்டிபிடித்துவிடும். மூன்று மாதத்துக்கு வேண்டியதை வெளியே வைத்துக்கொண்டு மீதியைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் வண்டு விழாது.

முகத்துக்கு முன் முழங்கை

இயற்கையானது என்றால் ஒவ்வாமை வராது என்று ஒரு நம்பிக்கை நம்மிடம் இருக்கிறது. மஞ்சளுக்கும் ரோஜாவுக்கும் ஒவ்வாமை வருபவர்கள் உண்டு. கொஞ்சம் மாவைக் குழைத்து முழங்கை மடிப்பின் உள்பக்கம் தடவி, ஐந்து நிமிடத்தில் கழுவி, இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, தடிப்பு எதுவும் இல்லையென்றால் தாடையோரம் ஒருமுறை. அப்புறம்தான் கன்னம்.

பூசுவதும் கழுவுவதும்

வாரம் இரண்டு அல்லது மூன்று நாள், சாயங்காலம் வீடு வந்த பிறகு. ஒரு தேக்கரண்டி மாவு போதும். எண்ணெய் வழியும் முகத்துக்கு வெறும் தண்ணீரில், வறண்ட முகத்துக்கு காய்ச்சி ஆறிய பாலில் குழையுங்கள். தோசைமாவுப் பதத்தைவிடக் கொஞ்சம் தளர்வாக இருக்கட்டும். குழைத்ததை நாளைக்கு என்று எடுத்து வைக்காதீர்கள், ஒரு ராத்திரியில் புளித்துவிடும்.

முதலில் முகத்தை நனைத்துக்கொள்ளுங்கள். கண்ணைச் சுற்றி விட்டுவிட்டு மெல்லியதாகப் பூசுங்கள். காய்ந்து வெடித்து, சிரித்தால் கன்னம் இழுக்கும்வரை உட்கார்ந்திருக்கிறார்களே, அது தேவையில்லாத வேலை. தோலின் ஈரத்தையும் சேர்த்து அது உறிஞ்சிக்கொண்டு போய்விடும். ஐந்து நிமிடம், ஓரம் காய ஆரம்பிக்கும்போதே தண்ணீர் தெளித்து இளக்கி, விரல் நுனியால் வழித்துக் கழுவுங்கள். தேய்க்கக் கூடாது. அன்றைக்கு சோப்பு வேண்டாம். துண்டால் ஒற்றி எடுங்கள்.

கழுவியதும் லேசான மாய்ஸ்சரைசர் ஏதாவது. தேங்காயெண்ணெய் வேண்டாம், பரு வருகிற முகத்தில் அது துளையை அடைத்து இன்னும் பருவைக் கூட்டும்.

சிவந்து வலிக்கிற பருவின் மேல் மாவைப் போட்டு அழுத்த வேண்டாம். அதற்கு ஜாதிக்காயைக் கல்லில் உரைத்துப் பொட்டு வைப்பது பழைய பழக்கம். சிலருக்கு அடங்குகிறது, சிலருக்கு எரிகிறது. என்னைக் கேட்டால் அங்கே கலமைன் லோஷன் ஒரு துளி போதும். துத்தநாக ஆக்சைடும் கொஞ்சம் இரும்பு ஆக்சைடும் கலந்த அந்த இளஞ்சிவப்பு லோஷன் தலைமுறைகளாக இருக்கிற மலிவான மருந்து. சொல்லப்போனால் அதுவும் பாட்டி வைத்தியம்தான்.

வெயில்

மாவில் செலவழித்ததை வெயில் ஒரே வாரத்தில் திருப்பி வாங்கிவிடும். கறை கருப்பதற்கு முதல் காரணம் வெயில். பத்து மணியிலிருந்து நாலு மணிவரை வெளியே போனால் குடை, துப்பட்டா, அகல விளிம்புத் தொப்பி, எது கைக்கு வருகிறதோ அது. எஸ்பிஎஃப் 30 உள்ள சன்ஸ்கிரீன் வாங்க முடிந்தால் வாங்குங்கள். சீரத்துக்குப் போகிற காசு இதற்குப் போகட்டும் என்பது என் கட்சி.

செய்யவே கூடாதவை

எலுமிச்சைச் சாறு கடும் புளிப்பு, அதோடு வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கருக்கும். சமையல் சோடா நேர் எதிர்ப்பக்கம், தோலின் இயல்பான லேசான அமிலத்தன்மையைக் குலைத்துவிடும். பற்பசை எரிச்சல் தரும். பருவைக் கிள்ளுவது எல்லாவற்றையும்விட மோசம்.

இவற்றையெல்லாம் மிஞ்சுவது, "தெரிஞ்சவங்க குடுத்தாங்க, ஒரு வாரத்துல பளிச்சுன்னு ஆச்சு" என்று வரும் க்ரீம். ஒரு வாரத்தில் கறை போகிறது என்றால் உள்ளே ஸ்டீராய்டோ பாதரசமோ இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்டீராய்டு முதலில் வெளுக்க வைக்கும். நாளாக ஆகத் தோல் மெலிந்து, உள்ளிருக்கும் ரத்தக்குழாய் தெரிந்து, நிறுத்தினால் முகம் முழுக்கப் பரு கிளம்பும். இதனால்தான் 2018இல் மத்திய அரசு 14 ஸ்டீராய்டு மருந்துகளைக் கொண்ட களிம்புகளை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கத் தடை போட்டது. ஆனாலும் கடைகளில் பெயர் சொல்லிக் கேட்டு வாங்குகிறவர்களைப் பார்க்கிறேன். பாதரசம் இன்னும் ஆபத்து. கேரளத்தின் மலப்புரம் பக்கம் 2021க்கும் 2023க்கும் இடையில் சிறுநீரகக் கோளாறோடு வந்தவர்களில் பலர் முகம் வெளுக்கும் க்ரீம் பூசியவர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள்.

எத்தனை நாள் பார்ப்பது

தொடங்கும் நாளில் ஒரு படம் எடுங்கள். அதே ஜன்னல், அதே நேரம், ஃபில்டர் இல்லாமல். இரண்டு வாரத்துக்கு ஒன்று எடுத்தால் போதும், தினமும் பார்த்தால் எதுவும் மாறாததுபோலத்தான் இருக்கும். என் தங்கை மகளுக்கு ஆறாவது வாரம்வரை ஒன்றுமே தெரியவில்லை, என்னைத் திட்டிக்கொண்டே பூசினாள். மூன்றாம் மாதப் படத்தில் தாடையோரக் கறைகள் மங்கியிருந்தன. கன்னத்தில் இரண்டு குழிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன, அவை இருக்கத்தான் செய்யும்.

12 வாரத்தில் எந்த மாற்றமும் இல்லையென்றால் மாவை மாற்றிப் பயனில்லை, தோல் மருத்துவரைப் பாருங்கள். கட்டி கட்டியாக வலிக்கும் பரு, குழி விழும் பரு, வேகமாகப் படரும் மங்கு, நிறமோ அளவோ மாறுகிற மச்சம் இவற்றுக்கு 12 வாரமும் காத்திருக்க வேண்டாம். பருவோடு மாதவிடாயும் தள்ளிப்போய், தாடையில் முடியும் வளர்ந்தால் அது ஹார்மோன் சம்பந்தப்பட்டதாக இருக்கலாம், அதற்கும் மருத்துவர்தான். செலவுக்குப் பயந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் தோல் பிரிவில் இலவசமாகப் பார்க்கலாம். சித்த மருத்துவம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நின்றுவிடுங்கள். போகும்போது இதுவரை முகத்தில் பூசிய ட்யூப், டப்பா, பாட்டில், இந்த மாவு உட்பட எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டு எடுத்துப் போங்கள். மருத்துவர் கேட்கும் முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.